தங்கைக்கு முதல் புத்தகம்: டிராகன் நாவலா, மங்காவா?

போன மாதம் ஒரு ராத்திரி சித்தி மகளிடமிருந்து வாட்ஸாப்பில் செய்தி வந்தது. “அக்கா, பொண்ணு பொண்ணையோ பையன் பையனையோ லவ் பண்ற மாதிரி கதை ஏதாச்சும் படிச்சிருக்கியா? நீ படிக்கிற அந்த ஃபேன்டசி, மங்கா, எதுன்னாலும் சரி. சோகமா மட்டும் முடியக் கூடாது. ஒண்ணே ஒண்ணு சொல்லு.”

திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், இரண்டாம் வருஷம். ஏன் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்காக இருக்கலாம், தோழிக்காக இருக்கலாம், வெறும் ஆர்வமாகவும் இருக்கலாம். அவளாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன்.

“நாளைக்குச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டு அலமாரி முன்னால் போய் உட்கார்ந்தேன். அந்த நாளை வருவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஐந்து கதைகளைக் கீழே எடுத்து வைத்தேன். மூன்று ஃபேன்டசி நாவல்கள்: சமந்தா ஷானனின் ‘தி பிரையரி ஆஃப் தி ஆரஞ்ச் ட்ரீ’, தாஷா சூரியின் ‘தி ஜாஸ்மின் த்ரோன்’, டி.ஜே. க்ளூனின் ‘தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ’. இரண்டு மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைகள்: நகாதானி நியோவின் ‘ப்ளூம் இன்டு யூ’, கமாதானி யூகியின் ‘அவர் ட்ரீம்ஸ் அட் டஸ்க்’. ஐந்தும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன, ஐந்தும் எனக்கு உயிர். ஆனால் முதல் புத்தகம் என்று வரும்போது ஐந்தும் ஒன்றல்ல. அவள் எந்த மனநிலையில் புத்தகத்தைத் திறக்கப்போகிறாள் என்று தெரியாமல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுதான் என்னை இரண்டு வாரம் உட்கார வைத்தது.

முதலில் ‘சோகமா முடியக் கூடாது’ என்ற நிபந்தனை. இதைக் குழந்தைத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இந்தக் கதைகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு நியாயமான கோரிக்கை என்று புரியும். ஜப்பானில் பையன்களுக்கு இடையிலான காதலைப் பெண்களுக்கான மங்காவுக்குள் கொண்டுவந்தவர்கள் 1970களில் எழுதிய இளம்பெண்கள். அவர்களில் ஹாகியோ மோட்டோவின் ‘தாமஸின் இதயம்’ 1974இல் வந்தது. ஒரு பையன் பாலத்திலிருந்து விழுந்து சாவதில்தான் அந்தக் கதையே தொடங்குகிறது. தாகேமியா கெய்கோ தன் ‘காற்றும் மரமும் பாடும் பாட்டு’ கதையை அச்சேற்றப் பல வருடம் போராடி, 1976இல் ஒருவழியாகத் தொடங்கினார். அதிலும் நாயகர்களில் ஒருவனான ஜில்பேர் பிழைப்பதில்லை. அந்தப் பக்கம் அமெரிக்க ஃபேன்டசியில் மெர்சிடிஸ் லாக்கி 1989இல் வான்யெல் என்ற இளைஞனை நாயகனாக்கி ‘மேஜிக்ஸ் பான்’ எழுதினார். ஆணைக் காதலிக்கும் ஒருவன் ஒரு மாய உலகத்தின் மாவீரனாக வந்தது அன்றைக்குப் பெரிய விஷயம். ஆனால் அவனுடைய முதல் காதலன் டைலண்டெல் முதல் பாகத்திலேயே தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

இவற்றை எழுதியவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் வழி வெட்டியதால்தான் பின்னால் வந்தவர்கள் நடந்தார்கள். ஆனாலும் காதலித்தால் சாவு என்ற கணக்கை ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் கையில் முதல் புத்தகமாகக் கொடுக்க எனக்கு மனசு வராது. நான் எடுத்து வைத்த ஐந்திலும் காதலிப்பதற்குத் தண்டனையாக யாரும் சாகடிக்கப்படுவதில்லை. அந்தச் சல்லடையில் சலித்த பிறகுதான் ஐந்து மிஞ்சியது.

சரி, நாவல்களுக்கு வருகிறேன்.

‘பிரையரி’ 2019இல் வந்தது. 800 பக்கத்துக்கு மேல். இனிஸ் என்ற நாட்டின் ராணி சப்ரான். அவளுடைய வம்சத்தில் பெண்வாரிசு தொடரும்வரைதான் பெயரில்லாதவன் என்ற பெரும் டிராகன் கட்டுக்குள் இருப்பான் என்று அந்த நாடே நம்புகிறது. அதனால் அவள் மணம் முடிக்க வேண்டும், ஒரு மகளைப் பெற வேண்டும். அவளுக்கே தெரியாமல் அவளைக் காப்பாற்றத் தூரதேசத்திலிருந்து அனுப்பப்பட்டு, அரண்மனைப் பெண்களில் ஒருத்தியாக மறைந்து வாழ்பவள் ஈட். இந்த இரண்டு பேருக்கும் இடையில்தான் காதல்.

முதல் தடவை படித்தபோது 200 பக்கம் தாண்டியும் நான் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். யாராவது வந்து, “இரண்டு பெண்களா? சீ” என்று சொல்வார்கள் என்று. யாரும் சொல்லவில்லை. அந்த உலகத்தில் அப்படிச் சொல்லும் பழக்கமே இல்லை. ராணிக்கு வாரிசு வேண்டும் என்பது தடை, ஈட் சொல்லும் பொய்கள் தடை, மதம் தடை. பெண்ணைப் பெண் விரும்புவது தடையே இல்லை. அதைப் புரிந்துகொண்ட நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோளில் ரொம்ப நாளாக இருந்த பையை இறக்கி வைத்தது போல இருந்தது. அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு ஹாலுக்கு வந்தால், டிவியில் ஏதோ சீரியலில் பெண் பார்க்கும் படலம். அந்த இறங்கிய பை திரும்பத் தோளில் ஏறியது. பகையே இல்லாத உலகத்தைக் காட்டும் நாவல்கள் இந்த இரண்டையும் சேர்த்தே செய்யும். உள்ளே இருக்கும்வரை ஆறுதல், வெளியே வந்ததும் ஒரு ஏக்கம்.

ஆனால் ‘பிரையரி’யில் என்னை அதிகம் ஆட்டியது ராணியின் காதல் இல்லை. நிக்லேஸ் ரூஸ் என்ற கிழவர்தான். ரசவாதி. சப்ரானுக்குச் சாவில்லாத மருந்து செய்து தருவதாகச் சொல்லி, முடியாமல் போய், ஒரு வணிகத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர். எல்லோரையும் திட்டுவார், குடிப்பார், நம்பியவரைக் காட்டிக்கொடுப்பார். அவருக்குள் இருப்பது ஜன்னார்ட் என்ற பிரபுவின் நினைவு ஒன்றுதான். ஜன்னார்ட் மணமானவர், இப்போது உயிரோடு இல்லை. ஊரறிய அழ நிக்லேஸுக்கு உரிமை இல்லாத சாவு அது. வயதான ஆணின் இப்படிப்பட்ட துக்கத்தை நான் அதற்குமுன் ஒரு டிராகன் கதையில் படித்ததே இல்லை. அவர் செய்யும் அசிங்கமான காரியங்களைப் படிக்கும்போதுகூட எனக்கு அவர்மேல் கோபம் நிற்கவில்லை. முப்பது வயதுக்கு மேல் இருக்கும் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் இதைத்தான் கொடுத்திருப்பேன்.

தங்கைக்கு? 800 பக்கத்தில் காதலுக்கான பங்கு குறைவு. ஈட்டும் சப்ரானும் மனம் விட்டுப் பேசுவதற்குள் நாலு நாட்டு அரசியல், இரண்டு வகை டிராகன்கள், நூறு பெயர்கள் வந்துவிடும். காதல் கதை கேட்டவளுக்கு முதலில் ஒரு வரைபடத்தைக் கொடுத்த மாதிரி ஆகும். செமஸ்டர் நடுவில் அவளால் முடிக்க முடியுமா என்பதும் சந்தேகம்.

‘ஜாஸ்மின் த்ரோன்’ 2021. அடுத்த வருடமே உலக ஃபேன்டசி விருது வாங்கியது. தாஷா சூரி இங்கிலாந்தில் வளர்ந்த, பஞ்சாபி வம்சாவளி எழுத்தாளர். அவர் இந்திய வரலாற்றிலிருந்தும் இதிகாசங்களிலிருந்தும் எடுத்துக் கட்டிய உலகம் இது. நாயகிகளின் பெயர் பிரியா, மாலினி. எங்கள் பள்ளியில் ஒரே வகுப்பில் மூன்று பிரியா இருந்தார்கள். ஆங்கில ஃபேன்டசியில் அந்தப் பெயரைப் பார்த்ததே எனக்கு ஒரு தனி சந்தோஷம். புடவை கட்டிய ஒரு பெண் கோவில் படியில் ஏறுவதை அடிக்குறிப்பு இல்லாமல் படிக்க முடிவது எவ்வளவு சுகம் என்று, அதுவரை அது கிடைக்காமல் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மாலினி இளவரசி. அண்ணன் சந்திரா அரசன். அவள் சிதையேற வேண்டும் என்று உத்தரவிடுகிறான். அவள் மறுக்கிறாள். அவளோடு இருந்த இரண்டு தோழிகள் எரிந்துபோகிறார்கள். அவளைப் பாழடைந்த ஹிரானா என்ற கோவிலில் அடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கொடுக்கிறார்கள். ராத்திரியில் அந்தக் கோவிலைப் பெருக்கித் துடைக்க வரும் வேலைக்காரப் பெண் பிரியா. அவளுக்குள் ஒரு பழைய சக்தி உறங்குகிறது. மாலினி அதைப் பார்த்துவிடுகிறாள். இவளை வைத்துத் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடுகிறாள். பிரியாவுக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் பக்கத்தில் வருகிறாள்.

இந்த நாவலில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அதுதான். அன்பையும் பயன்படுத்திக்கொள்வதையும் எந்தக் கோட்டில் பிரிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிறார்கள். அழகான எழுத்து, கோபமான எழுத்து. மனிதர்கள் உடம்பில் பட்டையும் பூவும் முளைக்கிற ஒரு நோய் அந்த நாட்டில் பரவுகிறது. அந்த நோய் பிடித்த ருக் என்ற சிறுவனிடம் பிரியா காட்டும் அக்கறையைப் படித்தால் போதும், அவளை யாருக்கும் பிடித்துவிடும்.

ஆனால் இது மூன்று பாகக் கதை. கடைசிப் பாகம் 2024இல் வந்தது. முதல் பாகத்தின் முடிவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். பெண்களை எரிப்பது, குழந்தைகளை எரித்தது, விஷம், துரோகம் என்று நெஞ்சை அழுத்தும் பக்கங்கள் நிறைய. விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து இதை முதலாவதாகப் படிப்பவளை நினைத்துப் பார்த்தேன். பிறகு படிக்கட்டும் என்று தோன்றியது.

க்ளூனின் ‘செருலியன் சீ’ 2020. ஐந்தில் மிகவும் இதமானது இதுதான். லைனஸ் பேக்கர் நாற்பது வயது அரசு ஊழியர். மழை விடாத ஊர், ஒரு பூனை, பழைய இசைத்தட்டுகள், அலுவலகக் கோப்புகள் என்று வாழ்கிறவர். மாய சக்தி உள்ள குழந்தைகள் இருக்கும் ஒரு தீவு விடுதியை ஒரு மாதம் இருந்து பார்த்து அறிக்கை எழுத அனுப்பப்படுகிறார். அங்கே ஆறு குழந்தைகள். ஒருவன் சாத்தானின் மகன். ஒன்று பொத்தான்களைச் சேர்த்துவைக்கும் குட்டி டிராகன். இன்னொன்று பச்சை ஜெல்லி மாதிரி இருக்கும், பெரிய ஓட்டலில் பெட்டி தூக்கும் வேலை செய்வதே அதன் கனவு. அந்த விடுதியை நடத்தும் ஆர்தர்மேல் லைனஸுக்கு மெதுவாக, ரொம்ப மெதுவாகக் காதல் வருகிறது. மனம் சோர்ந்திருந்த ஒரு வாரத்தில் படித்தேன், தூக்கிவிட்டது. அந்தப் பொத்தான் டிராகனுக்காக இன்னொரு தடவைகூடப் படிப்பேன்.

இதில் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து எடுத்த கொடுமையைப் பற்றிப் படித்தது இந்தக் கதைக்கு ஒரு தூண்டுதல் என்று க்ளூன் சொன்னார். அவ்வளவு பெரிய காயத்திலிருந்து இவ்வளவு இனிப்பான கதையா என்று சில வாசகர்கள் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. தவிர, காதல் இங்கே ஒரு மூலையில்தான் இருக்கிறது. நடுக்கூடத்தில் இருப்பது குழந்தைகள். நாற்பது வயதில் வாழ்க்கை திறக்கும் கதை, இருபது வயதில் தவிப்பவளுக்கு எவ்வளவு ஒட்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது மங்கா. இங்கே முதலில் ஒரு எச்சரிக்கை. ‘பிஎல்’ என்ற பெயரில் இணையத்தில் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். பையனுக்கும் பையனுக்கும் இடையிலான காதல் கதைகள், பெரும்பாலும் பெண்கள் எழுதிப் பெண்கள் படிப்பவை. அதில் அருமையானவை நிறைய இருக்கின்றன. ஆனால் ‘செமே’, ‘உகே’ என்று ஒருவன் நெருக்குபவன், மற்றவன் நெருக்கப்படுபவன் என்று பிரித்துவைத்து, வேண்டாம் என்று சொல்வதை வெட்கம் என்று எடுத்துக்கொள்ளும் கதைகளும் ஏராளம். இதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் மட்டும் குறை சொல்லவில்லை. 1992இல் ஜப்பானில் ஒரு பெண்ணிய இதழில், ஆண்களைக் காதலிக்கும் ஒருவர், இந்தக் கதைகளில் இருப்பது நாங்கள் இல்லை என்று கடுமையாக எழுதினார். அதிலிருந்து தொடங்கிய விவாதம் வருடக்கணக்கில் நடந்தது. எழுத்தாளர்களும் வாசகிகளும் பதில் சொன்னார்கள், யோசித்தார்கள், பலர் மாறினார்கள். அந்த விவாதத்துக்குப் பிறகு வந்த கதைகளில் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் தங்கையிடம் “மங்கா படி” என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. இந்தக் கதை, இந்தப் பாகம் என்று கையில் கொடுக்க வேண்டும்.

‘ப்ளூம் இன்டு யூ’ 2015 முதல் 2019 வரை வந்தது. மொத்தம் எட்டே பாகம். கோய்தோ யூ உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவள். காதல் பாட்டும் காதல் மங்காவும் அவளுக்குப் பிடிக்கும். எல்லோருக்கும் வரும் அந்த உணர்வு தனக்கும் வரும் என்று காத்திருக்கிறாள். ஒரு பையன் அவளிடம் காதலைச் சொல்கிறான், நல்ல பையன். அவளுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் பறந்துவிட, தன் கால் மட்டும் தரையில் ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைக்கிறாள்.

அந்தப் பையனுக்குப் போனில் மறுப்புச் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது. மாணவர் மன்றத்து சீனியர் நானாமி டோகோ பக்கத்தில் இருக்கிறாள், யூவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். யூ பேசி முடிக்கிறாள். போனை வைத்தாயிற்று. கை மட்டும் இன்னும் பிடியிலேயே இருக்கிறது. அந்தக் கட்டங்களில் வார்த்தை மிகக் குறைவு. முகம், கை, திரும்ப முகம். போன் பேச்சு முடிந்ததும் விட வேண்டிய கையை ஒருத்தி விடவில்லை என்பதுதான் செய்தி. நாவலாக இருந்தால் ஒரு பத்தி எழுத வேண்டும், எழுதிய உடனே பாதி செத்துவிடும். இங்கே உங்கள் கண் அந்தக் கையில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரம் அந்தக் கை பிடித்திருக்கிறது.

அடுத்து ரயில்வே கேட். பள்ளி விட்டு நடந்து வருகிறார்கள். கேட் விழுகிறது. ரயில் கடக்கும் நேரத்தில் டோகோ யூவை முத்தமிடுகிறாள். ரயில் போய்விடுகிறது, கேட் தூக்குகிறது, உலகம் பழையபடி இருக்கிறது. யூவுக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் நெஞ்சு துள்ளவும் இல்லை. காதல் கதையின் முதல் முத்தத்தில் நாயகிக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று வரைய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தப் பக்கத்தை முதல் தடவை பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். என் இருபது வயதில் தோழிகள் எல்லோரும் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மாடிப்படியில், தலையாட்டிக்கொண்டு, சரியான இடத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞாபகம் வந்தது.

டோகோ சுலபமான ஆள் இல்லை. இறந்துபோன அக்காவைப் போலவே தன்னை ஆக்கிக்கொண்டு வாழ்கிறவள். தன்னைத் தனக்கே பிடிக்காது. அதனால், என்னை நீ காதலித்துவிடாதே, இப்படியே இரு என்று யூவிடம் கேட்கிறாள். யூவுக்கு மெல்ல மனசு மாறும்போது அந்தக் கோரிக்கையே முள்ளாகிறது. சாயகா என்ற மூன்றாமவள் இருக்கிறாள். டோகோவைப் பல நாளாக விரும்பி, சொல்லாமல், பக்கத்தில் இருப்பதே போதும் என்று இருக்கிறவள். மற்ற கதைகளில் இவள் வில்லியாகியிருப்பாள். நகாதானி அவளுக்கு அந்த அநியாயத்தைச் செய்யவில்லை.

அப்புறம் அந்தக் காப்பிக் கடை. அதை நடத்தும் மியாகோவும் பள்ளி ஆசிரியை ரிகோவும் சேர்ந்து வாழும் காதலர்கள். சாயகா ஒருநாள் அதைப் புரிந்துகொண்டு மியாகோவிடம் கேட்கிறாள். மியாகோ மறைக்காமல் ஆமாம் என்கிறாள். அவ்வளவுதான். ஒரு பள்ளிப் பெண்ணுக்கு, வளர்ந்த பிறகும் இப்படி இருக்கலாம், வேலை பார்க்கலாம், கடை நடத்தலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று கண்முன்னால் ஒரு ஆள் கிடைக்கிறாள். டிராகனை வெல்லும் ராணியைவிட எனக்கு அந்தக் காப்பிக் கடைக்காரி ஒரு படி மேல்.

‘அவர் ட்ரீம்ஸ் அட் டஸ்க்’ நாலே பாகம், 2015இல் தொடங்கி 2018இல் முடிந்தது. ஹிரோஷிமா மாகாணத்தில் ஓனோமிச்சி என்ற கடலோர மலைச்சரிவு ஊர். தாஸுகு என்ற பையனின் போனில் இருந்ததை வகுப்புப் பையன்கள் பார்த்துவிடுகிறார்கள். தான் ஆண்களை விரும்புபவன் இல்லவே இல்லை என்று அவன் சாதிக்கிறான், உள்ளே இடிந்துபோகிறான். சாகலாமா என்று நிற்கும் நேரத்தில் தூரத்தில் ஒருத்தி உயரத்திலிருந்து குதிப்பதைப் பார்த்து ஓடுகிறான். அவள் சாகவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று ஒரு இடம் நடத்துகிறாள். அவளுக்குப் பெயரே ‘யாரோ ஒருவர்’. எதை வேண்டுமானாலும் பேசலாம், அவள் துருவிக் கேட்கமாட்டாள். அங்கே ஒரு பெண் ஜோடி, ஒரு திருநம்பி (பெண் என்று வளர்க்கப்பட்டு, ஆணாக வாழ்பவர்), மருத்துவமனையில் இருக்கும் துணைக்காகக் காத்திருக்கும் ஒரு முதியவர் என்று பலர். சேர்ந்து பாழடைந்த வீடுகளைப் பழுது பார்க்கிறார்கள்.

கமாதானி தன்னை ஆண், பெண் என்ற இரண்டிலும் வைக்காதவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அந்த அனுபவம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. மாயம் எதுவும் கதையில் கிடையாது, ஆனால் மனசு உடையும்போது பக்கம் முழுக்கக் கண்ணாடியாக நொறுங்குகிறது, மீன்கள் காற்றில் நீந்துகின்றன. மந்திரவாதிகளை வைத்து எழுதும் நாவல்கள் எட்டாத இடத்தை ஒரு படம் எட்டிவிடுகிறது. இன்னொன்று, நல்லெண்ணத்தோடு காயப்படுத்துபவர்களை இது விட்டுவைப்பதில்லை. திருநம்பியான உத்ஸுமியிடம் ஆதரவு காட்டுகிறேன் என்று வந்து நோகடிக்கும் பழைய வகுப்புத் தோழியைப் படித்தபோது, நானும் யாரிடமாவது இப்படிப் பேசியிருப்பேனோ என்று கூசியது. தாஸுகுவே இன்னொரு பிள்ளையைத் தன் வாயால் காயப்படுத்துகிறான்.

ஐந்தில் சிறந்த படைப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் முதல் பக்கத்திலேயே அம்பலமாகும் பயம், உடனே தற்கொலை எண்ணம். யாருக்காகக் கேட்கிறாள் என்று தெரியாத நிலையில் அந்தக் கதவு வழியாக அவளை உள்ளே அனுப்ப எனக்குப் பயம். நான் பக்கத்தில் இருந்து, இரண்டு பேரும் சேர்ந்து படித்தால் அது வேறு.

கடைசியில் நடைமுறை விஷயங்கள். விடுதியில் நாலு பேர் ஒரு அறை. ‘பிரையரி’யின் அட்டையில் கோபுரத்தைச் சுற்றிய டிராகன், ‘செருலியன் சீ’யில் கடலோரம் ஒரு வீடு. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ‘ப்ளூம்’ அட்டையில் இரண்டு பெண்கள், நெருக்கமாக. பார்த்தவர்கள் கேட்பார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு அறையில் நாலு பேரோடு இருந்து பார்க்காதவர்கள். போனில் மின்னூலாகக் கொடுக்கலாம்தான், ஆனால் இரண்டு பக்கம் சேர்த்து வரைந்த படம் போன் திரையில் பாழாகும். விலை என்று பார்த்தால் எட்டு பாகம் வாங்குவது ஒரு தடிமனான நாவலைவிட அதிகம். ஆனால் ஒரு பாகத்தை ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம், பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தலாம். 300ஆவது பக்கத்தில் மாட்டிக்கொண்டு, அக்கா கொடுத்தாளே என்று இழுக்க வேண்டியதில்லை.

எனக்குக் கடைசியில் முடிவைக் காட்டியது இதில் எதுவும் இல்லை. ‘பிரையரி’யில் ஈட்டுக்கும் ‘ஜாஸ்மின் த்ரோ’னில் மாலினிக்கும் தாங்கள் யாரை விரும்புவோம் என்ற குழப்பம் கிடையாது. தாஸுகுவுக்கும் தெரியும், தெரிந்ததுதான் அவனுக்குப் பயம். யூ ஒருத்திக்குத்தான் ஒன்றும் தெரியாது. தெரியாமலே எட்டு பாகம் நடக்க அவளுக்கு அனுமதி இருக்கிறது, கதை அவளை அவசரப்படுத்துவதில்லை. தங்கை ஏற்கெனவே தன்னைத் தெரிந்தவளாக இருந்தாலும் சரி, தெரியாதவளாக இருந்தாலும் சரி, வெறுமனே தோழியைப் புரிந்துகொள்ள நினைப்பவளாக இருந்தாலும் சரி, இந்தப் புத்தகம் அவளிடம் நீ யார் என்று கேட்காது.

‘ப்ளூம் இன்டு யூ’ முதல் இரண்டு பாகத்தையும் எடுத்து, ஜூன் மாதத்தில் அம்மா எங்களுக்கு நோட்டுப் புத்தகத்துக்குப் போடுவது போல பழுப்புத் தாளில் அட்டை போட்டேன். ஓரம் மடித்து, உள்ளே ஒட்டி, மேலே லேபிளில் அவள் பெயர். முதல் பக்கத்தில், அதாவது நமக்குக் கடைசிப் பக்கமாகத் தெரியும் இடத்தில், “இங்கிருந்து ஆரம்பி, வலமிருந்து இடம்” என்று ஒரு துண்டுச் சீட்டு. நேற்று கூரியரில் போட்டாயிற்று. மிச்ச ஆறு பாகத்துக்கும் தாள் வெட்டி வைத்திருக்கிறேன். ‘பிரையரி’ அவள் செமஸ்டர் லீவுக்கு வரும்போது, தாஸுகுவின் நாலு பாகமும் அப்போதே, இங்கே மொட்டைமாடியில்.